வந்தியின் பங்கு

திருச்சிற்றம்பலம்.



கள்ளிக்குப்பத்துத் திருக்கோயிலின் திருக்கார்த்திகைப் பெருவிழாவில், இன்று மாலை அடியேன் விளக்குத் தொண்டின் மேன்மை பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கின்றார்கள். எண்ணெய் வாங்கப் பொருளின்றித் தம் குருதியையே அகலில் வார்க்கத் துணிந்த திருவொற்றியூர்க் கலிய நாயனாரின் வரலாற்றைச் சொல்ல எண்ணியே இல்லத்திலிருந்து புறப்பட்டேன். ஆனால், கோயில் வாயிலில் கண்ட காட்சி என் பொருளை மாற்றிவிட்டது.

வாயிலில் பூ விற்கும் அம்மையார் என்னை நிறுத்தி, "சாமி, புயல் வருதாமே! தீபத்துக்குப் பூ எடுக்கலாமா, வேணாமா?" என்று கேட்டார். ஆண்டு முழுவதும் முழக்கணக்கில் விற்பவர், கார்த்திகை மாதத்துச் சோமவாரங்களையும் தீபத்தையும் நம்பியே கோயம்பேட்டில் கடனுக்குப் பூ எடுப்பவர். அவருக்குப் பின்னே பந்தலில் ஏணி சாத்தியிருந்தது. அதன் மேல் கயிற்றைப் பற்றியவாறு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கட்டுவதா, அவிழ்ப்பதா என்று அவருக்குச் சொல்வாரில்லை. பந்தலின் கீழே விழாக் குழுவினர் இரு கூறாகப் பிரிந்து வழக்காடிக்கொண்டிருந்தனர். "இன்றிரவே பந்தலை இறக்க வேண்டும்" என்றனர் ஒரு சாரார். "ஆண்டவன் விழாவை ஆண்டவன் காப்பான், அவநம்பிக்கை கூடாது" என்றனர் மற்றொரு சாரார்.

இரண்டும் அன்பினால் எழுந்த சொற்களே. ஆயினும், நாளை மறுநாள் தீபம். அதே நாளில் கரையை நெருங்கக்கூடும் என்று சொல்லப்படுகின்ற புயல். இந்நிலையில் இவ்வழக்கைத் தீர்க்காமல் வேறு பொருள் பேசுவது முறையாகாது. ஆகவே, புயலுக்கு முன் சைவன் செய்ய வேண்டுவது யாது என்பதையே இன்று சிந்திப்போம்.

கள்ளி என்பது வறட்சியில் வாழும் செடி. அதனைத் தன் பெயரிலேயே தாங்கிய நம் ஊருக்கு மழையினால் அச்சம் வருவது வேடிக்கைபோல் தோன்றும். ஆனால், மழையை வேண்டுவதும், மழை மிகும்போது அஞ்சுவதும் இந்நாட்டிற்குப் புதியன அல்ல. ஏயர்கோன் கலிக்காம நாயனார் வழிபட்ட திருப்புன்கூர்த் தலத்து வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மழையின்றி வாடியபோது பன்னிரு வேலி நிலம் கொடுத்து மழை பெற்றனர் அவ்வூரார். பின்னர் வெள்ளம் மிகுந்தபோது, அது நிற்பதற்காக மீண்டும் பன்னிரு வேலி கொடுத்தனர். இச்செய்தியைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம் பதிகத்திலேயே வைத்துப் பாடியிருக்கின்றார். வேண்டும்போது வர வேண்டும். போதும்போது நிற்க வேண்டும். மழையிடம் மாந்தர் கேட்பது அன்றும் இன்றும் அதுவே.

கார்த்திகை வரும்போதெல்லாம் புயலும் வருவானேன் என்று சிலர் வினவுகின்றனர். இதில் தெய்வ கோபம் ஒன்றுமில்லை. கதிரவன் தெற்கே சாயும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகின்றது. கோடையெல்லாம் வெயிலை உண்ட வங்கக் கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கின்றது. அவ்வெப்பத்தால் நீராவி மேலெழுந்து குளிர்ந்து மழையாகும்போது, தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளியிடுகின்றது. அதனால் காற்று மேலும் மேலெழ, அவ்விடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று பாய்கின்றது. பூமியின் சுழற்சியால் அது நேரே பாயாது வளைந்து சுழல்கின்றது. அச்சுழலே புயல். தமிழகம் ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கின்றது. நம்மை அச்சுறுத்தும் மேகமே நம் புழல் ஏரியையும் நிரப்புகின்றது. நஞ்சும் அமுதும் ஒரே கடலில் தோன்றிய வரலாற்றை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

விழாவும் புயலும் எத்தனை நெருங்கி வந்திருக்கின்றன பாருங்கள். 2020-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நவம்பர் 29-ஆம் நாள் தீபம். 2023-ஆம் ஆண்டு தீபம் முடிந்து எட்டு நாள் ஆவதற்குள், டிசம்பர் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயலின் மழையில் சென்னை மூழ்கியது. நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எத்தனை பட்டறைகளில் இயந்திரங்கள் நீருக்குள் நின்றன என்பதை, அங்கே உழைக்கும் நீங்கள் எனக்குச் சொல்வீர்கள். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் வந்தது. 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா, ஈழத்திரு நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆகவே, "மறுபடியும் புயலா?" என்று நீங்கள் பெருமூச்செறிவது இயல்பே.

ஆனால், எனக்கு மறக்கவொண்ணாத புயல் ஒன்று உண்டு. அதை இம்மேடையில் சொல்வதற்கு நாணுகின்றேன். எனினும் சொல்லியாக வேண்டும்.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள். திங்கட்கிழமை. கார்த்திகைச் சோமவாரமும் தீபத் திருநாளும் ஒன்றாய் வாய்த்த நன்னாள். அன்றுதான் வர்தா புயல் சென்னையின் மேலேயே கரையைக் கடந்தது. நம் ஊரை அடுத்த ஒரு சிறு கோயிலில் அப்போது அடியேன் விழாப் பொறுப்பில் இருந்தேன். முதல் நாள் மாலையே பந்தற்காரர் வந்து, "ஐயா, கீற்றைப் பிரித்துவிடட்டுமா?" என்று கேட்டார். "இறைவன் திருநாளில் இறைவன் பந்தலைப் பிரிப்பதா? உனக்கு நம்பிக்கையில்லையா?" என்று சினந்து அவரை அனுப்பிவிட்டேன். பக்தி பேசுவதாக எண்ணிக்கொண்டேன். உண்மையில் பேசியது என் செருக்கே.

மறுநாள் காற்று வடக்கிலிருந்து வந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன. பந்தலில் பாதி பறந்தது. பிற்பகலில் திடீரென்று காற்று நின்றது. வானம் சற்றே வெளுத்தது. "பெருமான் காத்தார், புயல் போயிற்று" என்று நான் வெளியே வந்து, "எஞ்சிய கால்களை நிமிர்த்துங்கள், இரவு விளக்கேற்ற வேண்டும்" என்று இளைஞர்களை ஏவினேன். புயலின் நடுவே அமைதியான கண் ஒன்று உண்டு என்பதும், அது கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து முன்னிலும் கடுமையாக வீசக்கூடும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் வானொலியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தனர், நான் கேட்கவில்லை. தெற்கிலிருந்து காற்று பாய்ந்தது. சவுக்குக் கால் ஒன்று பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரின் தோளில் விழுந்தது. உயிர் பிழைத்தார். ஆனால், ஆறு மாதம் அவரால் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட முடியவில்லை.

அன்பர்களே! ஓர் அடியார் இறைவனைக் கைதூக்கித் தொழ முடியாதபடி செய்தவன் நான்; செய்தது இறைவன் பெயரால். அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. இன்று இப்பந்தலின் ஏணி மேல் கயிற்றோடு நின்றவர் அவரே. அவரைக் கண்டபின் கலிய நாயனாரைப் பற்றி எப்படிப் பேசுவேன்?

"நம்பிக்கை உடையவன் முன்னேற்பாடு செய்யலாமா?" என்று கேட்போருக்கு மதுரையில் விடை இருக்கின்றது. பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலத்தை நீங்கள் பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். பிட்டும் பிரம்படியுமே நம் நினைவில் நிற்கின்றன. அக்கதையின் தொடக்கத்தை இன்று மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

வையையில் வெள்ளம் பெருகிற்று. பாண்டியன் என்ன செய்தான்? கரையை அளந்து வீட்டுக்கு ஒரு பங்காக வகுத்தான். ஒவ்வொருவரும் தத்தம் பங்கை அடைக்க வேண்டும் என்று ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்கோ மகனில்லை, சுற்றமில்லை, கூலியாள் வைக்கப் பொருளில்லை. அவள் கவலையுற்றுச் சொக்கநாதனை நினைந்தாள். அவன் என்ன செய்திருக்க வேண்டும்? கடலையே வற்றச் செய்தவன் அவன். நான்கு மாடங்களாய் மேகங்களை நிறுத்தி மதுரையைக் காத்தவன் அவன். ஒரு பார்வையால் வையையை வடியச் செய்திருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. அழுக்குத் துணி உடுத்து, தலையில் சும்மாடு வைத்து, கூடையும் மண்வெட்டியும் கொண்டு, "கூலிக்கு ஆள் வேண்டுமா?" என்று கூவிக்கொண்டு வந்தான்.

இதனைக் காட்டிலும் தெளிவான உபதேசம் வேறு என்ன வேண்டும்? வெள்ளம் வரும்போது கரை அடைக்கும் வேலை தெய்வம் செய்யத்தக்க வேலை என்பதைப் பெருமானே செய்து காட்டினான். அவ்வேலையை அவநம்பிக்கை என்று நாம் சொன்னால், மண் சுமந்த அத்திருமுடியை அன்றோ இகழ்கின்றோம்?

இன்னும் ஒன்று. மதுரைக் கரை முழுவதும் அடைபட்டது. அடைபடாதது வந்தியின் பங்கு ஒன்றே. அந்த ஒரு பங்கினால் ஊர் முழுவதும் அழியக்கூடும் என்றுதான் மன்னன் கலங்கினான். அவன் ஓங்கிய பிரம்பு கூலியாளின் முதுகில் பட்டது. அவ்வடி மன்னன் மேலும், மதுரை மாந்தர் மேலும், எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது. வெள்ளமும் அப்படியே. ஆதரவற்ற ஒருவருடைய பங்கு அடைபடாமல் விடுபட்டால், அந்த இடைவெளி வழியே ஊருக்குள் நீர் புகும். அடி எல்லாருக்கும் விழும். ஆகவே, இந்த இரண்டு நாளில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நம் தெருவில் வந்தி யார்?

மாடியில்லாத ஓட்டு வீட்டில் தனியே வாழும் முதியவர் யார்? பிள்ளைகள் அயலூரில் இருக்க, மருந்துப் பெட்டியோடு இருப்பவர் யார்? வடமாநிலங்களிலிருந்து வந்து, நம் மொழியில் ஒலிபரப்பாகும் எச்சரிக்கை விளங்காமல் தகரக் கொட்டகையில் உறங்கும் தொழிலாளர் யார்? நிறைமாத கர்ப்பிணி யார்? அவரவர் பங்கை அடைக்கக் கூடை தூக்கிப் போவோர் வேண்டும். பெருமான் இப்போது உங்கள் உருவில்தான் வர வேண்டும்.

"விழா நின்றுபோனால் தெய்வக் குற்றம் ஆகாதா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அதற்கு விடை தேடி மதுரைக்கும் போக வேண்டா. அம்பத்தூரில் ரயில் ஏறினால் ஆவடிக்கு அப்பால் திருநின்றவூர். அங்கே வாழ்ந்த பூசலார் நாயனார், கையில் பொருளின்றி, உள்ளத்திலேயே கல்லும் மரமும் தச்சரும் தேடிக் கோயில் எழுப்பினார். அதே வேளையில் காடவர்கோன் காஞ்சியில் கற்கோயில் கட்டி நாளும் குறித்தான். இருவர் குறித்ததும் ஒரே நாள். பெருமான் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர் அன்பனின் கோயிலுக்குத் தாம் எழுந்தருளப் போவதால் அவன் தன் விழாவை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுமாறு பணித்தான். அரசன் பெருஞ்செலவில் எடுத்த குடமுழுக்கையே, ஓர் ஏழை அன்பரின் பொருட்டுத் தள்ளி வைக்கச் சொன்னவன் நம் இறைவன். அடியார்களின் உயிரின் பொருட்டு நாம் வீதியுலாவைத் தள்ளி வைத்தால் அவன் சினப்பானா?

பூசலாரிடம் இன்னொரு பாடமும் உண்டு. பொருளில்லையே என்று அவரும் வருந்தினார். வருந்தியதோடு நின்றிருந்தால் அது கவலை. எந்தக் கல், எந்த மரம், எந்த நாள் என்று உள்ளத்தில் ஒழுங்குபட எண்ணியதால் அது கோயிலாயிற்று. கவலை ஒரே இடத்தில் சுழலும் புயல் போன்றது. அதனை ஒவ்வொரு பணியாகப் பிரித்துக் கைக்குக் கொடுத்துவிட்டால் அது தொண்டாகின்றது.

நாள் தள்ளாமலே விழாவைக் காக்கவும் வழியுண்டு. 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் மழையில், டிசம்பர் முதல் நாள், திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். டிசம்பர் 13-ஆம் நாள் மகா தீபம். மலையின் மண் இளகியிருந்தமையால் அவ்வாண்டு அடியார்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டு செல்லும் திருப்பணியாளர்களே சென்றனர். தீபம் எரிந்தது, கீழே நின்று கண்டவர்களுக்கு அருணாசலேசுவரர் அருள் குறைந்துவிடவில்லை.

முன்னறிவிப்பின் அருமையை இரண்டு செய்திகளால் உணரலாம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற ரயிலைக் கடல் விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர். கடலில் வருவதை அவ்வண்டிக்கு உரிய நேரத்தில் சொல்வாரில்லை. ஒடிசாவில் 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தனர். அதே ஒடிசாவில் 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் பைலின் புயல் வந்தது. அது நவராத்திரி நேரம். துர்க்கா பூஜைப் பந்தல்கள் எங்கும் எழுந்திருந்த வேளை. ஆயினும், ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பிடம் சேர்க்கப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கிற்று. பூஜையை விட்டுச் சென்ற அந்த மக்களைத் தேவி கைவிட்டாளா? காத்தாள், காப்பதற்காகவே எழுந்து போகச் சொன்னாள் என்றே கொள்ளுங்கள்.

இனி நம் பணிக்கு வருவோம். அறங்காவலர்களையும் விழாக் குழுவினரையும் அடியேன் பணிந்து வேண்டுவன இவை. இப்பந்தலை இன்றிரவே இறக்குங்கள். வளைவுகளில் கட்டிய மின்விளக்குச் சரங்களை அவிழ்த்து, வெளி மின்னிணைப்பைத் துண்டியுங்கள். உற்சவமூர்த்தி மண்டபத்துக்குள்ளேயே எழுந்தருளட்டும்; சப்பரம் காற்று ஓய்ந்தபின் வலம் வரட்டும். சொக்கப்பனையைக் காற்றில் கொளுத்த வேண்டா. பொறி பறந்தால் குடிசை தாங்காது. கருவறை விளக்கு மட்டும் எக்காரணத்தாலும் அணையலாகாது; அதற்குப் போதிய நெய்யும் ஆளும் வையுங்கள். அன்னதான அரிசியை மேடேற்றுங்கள். மண்டபக் கதவுகளைத் திறந்து வையுங்கள். ஓட்டு வீட்டார் வந்தால் இது அவர்களுக்கும் வீடு.

இளைஞர்களே! நாவுக்கரசர் பெருமான் கையிலே ஏந்தியது உழவாரப்படை. நாளைக் காலை நீங்கள் மண்வெட்டி ஏந்தித் தெருவின் மழைநீர்க் கால்வாய் வாய்களில் அடைத்த குப்பையை அகற்றுவதும் உழவாரத் திருப்பணியே. அம்பத்தூர் ஏரியில் மிகுந்த நீர் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். போகும் வழியை நாம் அடைத்தால் அது நம் வீட்டை வழியாக்கிக்கொள்ளும்.

தாய்மார்களே! இரண்டு நாளுக்குக் குடிநீரும் மருந்தும் எடுத்து வையுங்கள். குடும்ப அட்டையும் பத்திரங்களும் நனையாத உறையில் இருக்கட்டும். கைபேசிக்கு மின்னேற்றிக்கொள்ளுங்கள். மாநகராட்சியை அழைக்க 1913. மாவட்ட நிர்வாகத்தை அழைக்க 1077. எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிய கன்று நீரில் தப்பாது. அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடாதீர்கள். காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். இதை நான் சொல்வதைவிட ஏணி மேல் நின்ற தம்பியின் தோள் நன்றாகச் சொல்லும்.

இறுதியாக, பூ விற்கும் அம்மையாருக்கு இன்னும் நான் விடை சொல்லவில்லை. அம்மா! நீங்கள் கடன்பட்டு மிகுதியாகப் பூ எடுக்க வேண்டா. ஆனால், வீதியுலாவுக்கென்று மாலைக்குச் சொல்லி வைத்தவர்கள் முன்பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று இந்த அவையின் சார்பில் வாக்களிக்கின்றேன். உலா நடக்கும் நாளில் அந்த மாலை வரும். அகல் விற்பவருக்கும் தேங்காய்க் கடைக்காரருக்கும் இதுவே முறை. வந்தியும் வியாபாரிதான் என்பதை மறக்கலாகாது. அவள் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டவன், இவர்களுடைய நட்டத்தைப் பார்த்துக்கொண்டு மாலை சூடமாட்டான்.

தீபத்தன்று மின்சாரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லையென்றால் நல்லது என்றுகூடச் சொல்வேன். அடைத்த கதவுக்குள், காற்றுப் படாத மூலையில், ஒவ்வோர் இல்லத்திலும் ஓர் அகல் எரியட்டும். அண்டை வீட்டு முதியவரும் அந்த அகலின் முன் உங்களோடு அமர்ந்திருக்கட்டும். அதுவே இவ்வாண்டு நம் அண்ணாமலை.

புயல் எங்கே கரையேறும் என்பது அவன் சித்தம். வலுக்குறைந்து கடலிலேயே கரைந்தாலும் கரையலாம். அப்போது, "வீணாகப் பந்தலைப் பிரித்தோமே" என்று எவரும் எவரையும் பழிக்க வேண்டா. வெள்ளம் வாராத ஆண்டிலும் கரை கரைதான். பிரித்த பந்தலை மீண்டும் கட்டலாம்.

கலிய நாயனாரை அடுத்த சோமவாரத்தில் கேட்போம். சொற்பொழிவை இத்துடன் நிறுத்துகின்றேன். ஏணி காத்திருக்கின்றது, முதற்கயிற்றை அவிழ்க்க அடியேனும் வருகின்றேன். ஆண்கள் எழுந்து வாருங்கள். தாய்மார்கள் தத்தம் தெருவில் வந்தி யார் என்று எண்ணிக்கொண்டே இல்லம் செல்லுங்கள்.

மண் சுமந்த பெருமான் மலரடி வாழ்க!

திருச்சிற்றம்பலம்.